மூன்றே கால்

செம்பூரில் மணி மூன்றே கால்.
பிள்ளைகளின் வயிற்றில் ஆறே முக்கால்.
ஜப்பானிலிருந்து திரும்பி நான்கு நாளாச்சு,
பெட்டி இன்னும் ஹாலின் நடுவில்
வாயைப் பிளந்து கிடக்கிறது.
புளிக்காய்ச்சல் பாட்டில் உள்ளேயே உடைந்ததில்
எல்லாச் சட்டையிலும் நல்லெண்ணெய் வாசம்.

"பசிக்குது" என்கிறாள் நறுமுகை
பட்டப்பகல் குரலில்.
அடுப்பைப் பற்றவைக்கிறேன்.
கட்டிடத்தில் வெளிச்சம் எங்கள் ஜன்னலில் மட்டும்.
கல்லில் முதல் மாவு விழுந்த சத்தத்துக்கு
கீழே வாட்ச்மேன் திவாரி அண்ணாந்து பார்க்கிறார்,
யாருக்கு என்ன ஆச்சோ என்று.

எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம்
ஒரே கதையைத்தான் சொல்லி வருகிறேன்.
ஐந்தாம் முறைக்குள் அது
கூழாங்கல்லாக வழவழத்துவிட்டது.
நாராவில் ஒரு மான் எங்கள் வரைபடத்தில்
விடுதி இருந்த மூலையை மட்டும் தின்றது.
பொத்தானை அழுத்தினால் கழிப்பறை பாடுகிறது.
ரயில் ஒரு நொடி பிசகுவதில்லை.
இரண்டாம் மாடி குல்கர்னி ஆன்ட்டி
அந்த ஒரு நொடிக்குத்தான் வாயில் கைவைத்தார்.

சொல்லாமல் விட்டதும் உண்டு.
மலையைப் பார்க்கப் போய் மேகத்தைப் பார்த்தோம்;
படத்தில் நாலு பேரும்
வெறும் வெள்ளைக்கு முன்னால் நின்று சிரிக்கிறோம்.
தள்ளுவண்டியை யார் தூக்குவது என்று
கோயில் படிக்கட்டில் நானும் இசக்கிராஜும்
சண்டை போட்டோம், சத்தமாகவே,
இங்கே யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில்.
பின்னால் நின்றவர்
"கொஞ்சம் வழி விடுங்க" என்றார்.

பிறகு ஒசாகா.

ஒரு நொடி பிசகாத அந்த ரயில்
ஆதிரனை நடைமேடையில் விட்டுவிட்டுக்
கதவை மூடியது.
நம்மூர் லோக்கலில் என்றால் இருபது கை நீண்டிருக்கும்,
முடியைப் பிடித்தாவது உள்ளே இழுத்திருப்பார்கள்.
மூடுவதற்குக் கதவே கிடையாது.
அங்கே எல்லாரும் அவ்வளவு அமைதி.
இசக்கிராஜின் உள்ளங்கை
கண்ணாடியில் ஒட்டியபடியே அடுத்த ஸ்டேஷன் வரை வந்தது.
நான் கத்தினேனா என்று
இன்றுவரை அவரிடம் கேட்கவில்லை.

ஆறு நிமிடம், போக, வர.

அவன் பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டிருந்தான்.
கையில் சூடான டின் ஒன்று, சோள சூப்.
இரண்டு முழம் தள்ளி ஒரு பெண்
எங்களைக் கண்டதும் குனிந்து வணங்கி,
நாங்கள் வாயைத் திறக்கும் முன்
கூட்டத்தில் போய்விட்டாள்.
அன்றிரவு அவன் தூங்கிய பிறகும்
அவன் பனியனின் ஓரத்தைப் பிடித்தே கிடந்தேன்.
அதன் பிறகு நாங்கள் அதைப் பேசவில்லை,
பேசினால் மறுபடி கதவு மூடும் என்பது போல.

இப்போது தோசையைப் பிய்த்தபடி ஆதிரன் கேட்கிறான்:
"மறுபடி அந்த ஊருக்குப் போலாமா?"
"எந்த ஊருக்கு?"
"நான் தனியா இருந்தேன்ல, அந்த ஊருக்கு."

கரண்டி கல்லிலேயே நிற்கிறது.
இசக்கிராஜ் தண்ணீர் குடிக்கிறார்,
காலியான டம்ளரிலிருந்து.

அவன் எழுந்து போய்ப் பெட்டிக்குள் துழாவுகிறான்.
ஈரம் காயாத சாக்ஸுக்குள்ளிருந்து
எடுத்து வைக்கிறான் அந்த டின்னை.
நசுங்கவில்லை. கழுவி வைத்திருக்கிறான் போல.
புரியாத எழுத்தில் ஏதோ,
ஒரு மஞ்சள் சோளக்கதிர்.
வீட்டில் எண்ணெய் படாத ஒரே பொருள்.

திலக் நகர் பக்கம் முதல் லோக்கல் போகும் சத்தம்.
பிள்ளை தலையைச் சாய்த்துக் கேட்கிறான்.
"லேட்டு" என்கிறான் சந்தோஷமாக.

அடுப்பு அணைந்தது தெரியாமல்
அடுத்த தோசைக்கு மாவை ஊற்றிவிட்டேன்.